லாரி மேல் விழுந்த பழி: மாடுகளின் "ஷிப்பிங் ஃபீவர்" ஆராய்ச்சிகளைப் படித்தபோது

போன ஐப்பசியில் என் மச்சான் இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். நாமக்கல் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு கொட்டகை. இரண்டுமே எச்.எஃப் கலப்பினம், இரண்டாம் ஈத்து. ஒன்று ஒரு விவசாயி வீட்டில் நேரில் பார்த்துப் பிடித்தது. இன்னொன்று ஒரு வியாபாரியிடம் வாங்கியது. அது சந்தையிலிருந்து அவர் கொட்டகைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். ஏழு மணி நேரப் பயணம்.

ஒன்பதாம் நாள் வியாபாரியிடம் வாங்கிய மாட்டுக்கு 105 டிகிரி காய்ச்சல். மூக்கில் சளி, அசை போடவில்லை, மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "லாரியில வந்த அலுப்புங்க, ஷிப்பிங் ஃபீவர்னு சொல்லுவோம்" என்றார். மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஈத்துப் பால் போனது போனதுதான்.

"அடுத்த தடவை பக்கத்து ஊர்லயே வாங்கிக்கறேன் மாப்ள. லாரியே வேணாம்" என்று மச்சான் போனில் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு மாடும் ஒரே லாரியில்தானே வந்தன? வீட்டில் பிடித்த மாடு தும்மக்கூட இல்லையே?

ஒரு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். நான் கால்நடை மருத்துவன் இல்லை. பி.இ முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். இரண்டு மாதம் இந்த ஆராய்ச்சிகளைப் படித்ததில் எது உறுதியாக நிற்கிறது, எது நிற்கவில்லை என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்

"ஷிப்பிங் ஃபீவர்" என்ற பெயர் வட அமெரிக்காவில் புழங்குவது. அங்கே வசந்தத்தில் பிறக்கும் கன்றுகளை இலையுதிர் காலத்தில், ஆறு முதல் எட்டு மாத வயதில், தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். அவை லாரியில் பல நூறு கிலோமீட்டர் பயணித்து டெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா, கனடாவின் ஆல்பர்ட்டா போன்ற இடங்களில் உள்ள ஃபீட்லாட்டுகளுக்குப் போகின்றன. ஃபீட்லாட் என்றால் ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணை. வந்து சேர்ந்த முதல் சில வாரங்களில்தான் நிமோனியா தாக்குகிறது. வட அமெரிக்க இறைச்சி மாட்டுத் தொழிலுக்கு மிக அதிகச் செலவு வைக்கும் நோய் இதுதான்.

நம் ஊரில் இந்தப் பெயர் இன்னொரு குழப்பத்தையும் செய்கிறது. இங்கே பல வழிகாட்டிகளிலும் இணையப் பக்கங்களிலும் தொண்டை அடைப்பானுக்கு மறுபெயராக "ஷிப்பிங் ஃபீவர்" என்று போட்டிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு நோய். தொண்டை அடைப்பான் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையால் வருவது. ரத்தம் முழுவதும் பரவி, தொண்டை வீங்கி, பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும். ஷிப்பிங் ஃபீவர் நுரையீரல் நோய். அதில் முக்கியக் குற்றவாளி மேன்ஹைமியா ஹீமோலிட்டிக்கா என்ற வேறொரு பாக்டீரியா. 1999 வரை இதற்கும் பாஸ்சுரெல்லா ஹீமோலிட்டிக்கா என்றுதான் பெயர். இரண்டையும் "பாஸ்சுரெல்லா நோய்" என்று ஒரே பெட்டியில் போட்ட பழக்கம் பெயர் மாறிய பிறகும் தொடர்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. மச்சானிடம் மாடு விற்ற வியாபாரி, "தொண்டை அடைப்பான் ஊசி போட்டாச்சுங்க, ஒண்ணும் வராது" என்று சொல்லித்தான் விற்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த ஊசி தொண்டை அடைப்பானுக்கானது. மேன்ஹைமியாவை அது தடுக்காது.

உடம்புக்குள் நடப்பது

பயண அழுத்தம் மாட்டின் மூச்சுப்பாதையை எப்படிப் பலவீனமாக்குகிறது என்பதை ஆய்வகத்தில் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

மேன்ஹைமியா வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. நல்ல ஆரோக்கியமான மாட்டின் மூக்குத் தொண்டையிலும் டான்சில்களிலும் கொஞ்சமாகக் குடியிருக்கிறது. ஏற்றும்போது ஏற்படும் பயம், பசி, தாகம், பழக்கமில்லாத மாடுகளின் நெருக்கம் எல்லாம் சேர்ந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனை உயர்த்துகின்றன. அமைதியாக இருந்த பாக்டீரியா அப்போது மூக்கில் பெருகுகிறது. மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. அங்கே அது சுரக்கும் லியூக்கோடாக்சின் என்ற நச்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளை அணுக்களைத் தேடிக் கொல்கிறது. ஐ.பி.ஆர் நோயின் ஹெர்பீஸ் வைரஸ் போல நரம்புக்குள் ஒளிந்திருந்து அழுத்தத்தின்போது மீண்டும் எழுந்து வருபவையும் உண்டு. வைரஸ் முதலில் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைக்கும், பாக்டீரியா பின்னால் நுழையும்.

மாட்டின் நுரையீரல் அமைப்பும் உதவுவதில்லை. அது சின்னச் சின்ன அறைகளாகத் தடித்த சுவர்களால் பிரிந்திருக்கிறது. ஓர் அறைக்குப் போகும் குழாய் அடைத்தால், பக்கத்து அறையிலிருந்து காற்று கசிந்து வர வழியில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பயணித்து வந்த மாட்டின் ரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். எதிர்ப்புச் சக்தி ஏறிவிட்டது என்று நாம் நினைப்போம். நடப்பது நேர் எதிர். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு திசுவுக்குள் இறங்க இந்த அணுக்களுக்கு எல்-செலெக்டின் என்ற பிடிப்பு வேண்டும். கார்ட்டிசால் வகை ஹார்மோன்கள் அந்தப் பிடிப்பை உதிரச் செய்கின்றன. அணுக்கள் நுரையீரலுக்கு வேலைக்குப் போகாமல் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. எண்ணிக்கை கூடியதே அதனால்தான். எங்கள் தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். வரிசையில் நிறைய வேலைகள் நிற்கின்றன என்றால் சர்வர் மும்முரமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, எதுவும் முடியவில்லை என்று அர்த்தம்.

தூரம் என்ற அளவுகோல்

இவ்வளவும் உண்மை என்றால் அடுத்த படி என்ன? அதிக தூரம் போன மாட்டுக்கு அதிக நோய் வர வேண்டும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கிலோமீட்டரை ஒரு பக்கமும் நோய் விகிதத்தை இன்னொரு பக்கமும் போட ஒரு எக்செல் தாள்கூடத் திறந்து வைத்தேன்.

தாள் ஒத்துழைக்கவில்லை. கார்ல் ரிப்பிள் குழு 1980களின் பிற்பகுதியில் ஆல்பர்ட்டாவின் ஒரு பெரிய ஃபீட்லாட்டுக்கு வந்த கன்றுகளை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டது. உயிரைப் பறித்த நிமோனியாவுக்கும் பயணித்த தூரத்துக்கும் அவர்களுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் பல பண்ணைக் கன்றுகளை அதிகமாகக் கலந்து ஏற்றிய லாரிகளில் ஆபத்து கூடியிருந்தது. மறுபக்கம், 2012-இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஃபீட்லாட்டுகளின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே தூரம் கூடக் கூட நோயும் கூடியது.

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெய்லர் குழு 2010-இல் இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொரு காரணிக்கும் சான்று என்ன என்று கேட்டது. நான் படித்ததிலேயே நேர்மையான கட்டுரை அது. பயணத்துக்குப் பிறகுதான் ஆபத்து அதிகம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். சந்தையில் வாங்குவதும் பல இடத்துக் கன்றுகளைக் கலப்பதும் ஆபத்தோடு சேர்ந்து வருகின்றன என்கிறார்கள். ஆனால் அவை உடம்பைப் பலவீனமாக்குவதாலா, கிருமியோடு தொடர்பை அதிகமாக்குவதாலா, அல்லது மோசமான பராமரிப்புக்கு ஓர் அடையாளம் மட்டும்தானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று முடிக்கிறார்கள்.

ஏன் பிரிக்க முடியவில்லை? லாரியின் கணக்கைப் போட்டால் புரியும். அமெரிக்காவில் நீண்ட தூரம் ஓடும் மாட்டு லாரி சுமார் 50,000 பவுண்டு, அதாவது 22 டன்னுக்கு மேல் ஏற்றும். அது நிறைய எண்பது, நூறு இளங்கன்றுகள் வேண்டும். தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு சிறு விவசாயியிடம் ஒரு பருவத்துக்கு இருபதோ முப்பதோ கன்றுதான் இருக்கும். அதனால் தரகர் இரண்டு மூன்று சந்தைகளில் ஐந்தும் பத்துமாகப் பொறுக்கி லாரியை நிரப்புகிறார். தூரப் பயணம் என்றாலே கலப்புக் கூட்டம், சந்தையில் காத்திருப்பு, அப்போதுதான் தாயைப் பிரிந்த கன்று, எடை குறைந்த கன்று என எல்லாம் ஒரே மூட்டையாக வருகிறது. அந்த மூட்டைக்குத் தூரம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வெர்ஷனை ஏற்றினோம், சனிக்கிழமை சர்வர் படுத்துவிட்டது என்று வையுங்கள். ஏற்றியவன் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி. மூன்று வாரம் முன்பே பிழையை எழுதியவனும், சோதிக்காமல் விட்டவனும் தப்பித்துக்கொள்வார்கள். ஷிப்பிங் ஃபீவர் என்ற பெயர் லாரிக்கு அதைத்தான் செய்கிறது.

ஒரே பண்ணைக் கன்றுகள்

மூட்டையைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. ஓக்லஹோமாவில் ஸ்டெப் குழு 2008-இல் வெளியிட்டது அதில் ஒன்று. ஒரே பண்ணையில் பிறந்த கன்றுகளில் ஒரு பகுதியைப் பால் மறக்கடித்த கையோடு அனுப்பினார்கள். இன்னொரு பகுதியைப் பால் மறக்கடித்து 45 நாள் அதே பண்ணையில் வைத்திருந்து அனுப்பினார்கள். கூடவே சந்தையில் வாங்கிய கன்றுகளும் ஒரு பிரிவாக இருந்தன. உடனே அனுப்பியவற்றில் சுமார் 35 சதவீதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 45 நாள் பொறுத்து அனுப்பியவற்றில் சுமார் 6 சதவீதம். சந்தைக் கன்றுகளில் சுமார் 42.

பிறந்த இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. 35-க்கும் 6-க்கும் நடுவே இருப்பது தாயைப் பிரிந்த துக்கம் ஆற, தொட்டியில் தின்னக் கற்றுக்கொள்ளக் கிடைத்த 45 நாள்.

ஆஸ்திரேலியாவில் 14 ஃபீட்லாட்டுகளில் 35,000-க்கும் மேற்பட்ட மாடுகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. ஃபீட்லாட்டுக்கு வருவதற்கு நாலு வாரம் முன்பே மற்ற மந்தைகளோடு கலந்து பழகியிருந்த மாடுகளுக்கு ஆபத்து குறைவு. அதில் இன்னொரு சின்னத் தகவல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பக்கத்துப் பட்டியோடு ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பகிர்ந்துகொண்ட மாடுகளுக்கு நோய் கணிசமாகக் கூடுதல். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கனடாவின் ஒண்டாரியோவில் 1978 முதல் நடந்த புரூஸ் கவுண்டி ஆய்வையும் சொல்ல வேண்டும். வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே மூச்சு நோய்த் தடுப்பூசி போட்ட கூட்டங்களில் சாவு குறையவில்லை, கூடுதலாக இருந்தது. ஊசி கொன்றது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் களைத்துப் போன உடம்பில் ஊசி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற நம்பிக்கைக்கு நாற்பது வருஷமாக ஆதாரம் போதவில்லை.

கண்ணால் பார்த்து எண்ணிய நோய்

இந்த ஆராய்ச்சித் துறை மேல் என்னுடைய பெரிய குறை இதுதான். மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் எப்படிக் கிடைக்கின்றன? பெரும்பாலும் குதிரையில் பட்டியைச் சுற்றிவரும் ஆள், தலை தொங்கிய மாட்டைப் பார்த்து வெளியே இழுத்து, காய்ச்சல் பார்த்து, "நோய்" என்று எழுதுகிறார். மாடு இரை விலங்கு. ஆள் பக்கத்தில் வந்தால் உடம்பு சரியில்லாததை மறைத்துக்கொள்ளும்.

கான்சாஸின் வைட்டும் ரெண்டரும் 2009-இல் இதை அளக்கப் பார்த்தார்கள். வெளியே தெரியும் அறிகுறிகளை வைத்து நோயைப் பிடிக்கும் திறன் சுமார் 62 சதவீதம், நோயில்லாத மாட்டைச் சரியாக விட்டுவிடும் திறன் சுமார் 63 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். நோயுள்ள பத்தில் நாலு தப்பிவிடும், நோயில்லாத பத்தில் நாலு மாட்டிக்கொள்ளும்.

இந்தக் கோலை வைத்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கும் 800 கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தேடினால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எவ்வளவு நம்புவது? தூரம் பற்றிய முரண்பாட்டில் ஒரு பங்கு இங்கிருந்தே வரலாம். தூரத்திலிருந்து வந்த லாரி என்று தெரிந்தால் பட்டி ஆள் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார், கூடுதலாக நோயும் கண்டுபிடிப்பார். 35-க்கும் 6-க்கும் போன்ற பெரிய இடைவெளிகள் மட்டுமே இவ்வளவு இரைச்சலைத் தாண்டியும் காதில் விழுகின்றன.

பழி யாருக்கு வசதி

45 நாள் பொறுத்தால் நோய் இவ்வளவு குறையும் என்றால் எல்லோரும் ஏன் பொறுப்பதில்லை? விற்பவருக்கு அது 45 நாள் தீவனம், 45 நாள் வேலை. பலன் கிடைப்பது வாங்குகிறவருக்கு. ஏலத்தில் கன்று வளையத்துக்குள் ஓடும் ஒரு நிமிஷத்தில், அது நேற்று தாயைப் பிரிந்ததா, நாற்பது நாள் முன்பா என்று எவருக்கும் தெரியாது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய அதே கதை. நல்ல சரக்கை அடையாளம் காண முடியாவிட்டால் நல்ல சரக்குக்கு விலை கிடைக்காது. விலை கிடைக்காவிட்டால் யாரும் நல்ல சரக்கைக் கொண்டுவர மாட்டார்கள்.

அந்த இடைவெளியை ஆன்டிபயாட்டிக் நிரப்புகிறது. ஆபத்தான கூட்டம் என்று தெரிந்தால், இறங்கியவுடன் நோய் இருக்கோ இல்லையோ எல்லாக் கன்றுக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஓர் ஊசி. டில்மைக்கோசின், டுலாத்ரோமைசின் போன்றவை. இவை மேக்ரோலைடு வகை. மனித மருத்துவத்துக்கு மிக முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் வகை. ஊசி நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் மிச்சம் பிடித்த 45 நாள் தீவனச் செலவு, கடைசியில் மருந்துக்கு அடங்காத கிருமியாக நம் எல்லோர் தலையிலும் வந்து விடிகிறது.

சட்டமும் லாரியைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் 1873-இல் ரயில் பயணத்தை மனதில் வைத்து வந்த "28 மணி நேரச் சட்டம்" இன்றும் இருக்கிறது. தொடர்ந்து 28 மணி நேரத்துக்கு மேல் இறக்காமல் ஓட்டக் கூடாது. அது லாரிக்கும் பொருந்தும் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லவே 2006 ஆயிற்று. நம் நாட்டின் 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் லாரிக்கு ஆறு மாடு என்று எல்லை வைத்து, பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவர் சான்றும் கேட்கின்றன. தாகம், சோர்வு, கால் நோவு, கீழே விழுந்து மிதிபடுவது இவற்றுக்கெல்லாம் இந்த விதிகள் அவசியம். மாட்டை நெருக்கி அடைத்து ஓட்டக் கூடாது என்பதற்கு நிமோனியாவைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை, அது கொடுமை என்பதே போதும். ஆனால் மணிக்கணக்கை ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டால் மூச்சு நோய் அடங்கிவிடும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

மூன்றாவது மாடு

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஃபீட்லாட்டுக்குப் போகும் இளம் மாடுகள் மேல் நடந்தவை. கறவையில் இருக்கும் கலப்பினப் பசுவுக்கு அந்தச் சதவீதங்களை அப்படியே பொருத்தக் கூடாது. நான் எடுத்துக்கொண்டது எண்களை இல்லை, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்ற வரிசையை.

மச்சானிடம் அதைத்தான் சொன்னேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால், கடைசி ஒரு மாதம் அந்த மாடு எங்கே, எத்தனை புது மாடுகளோடு நின்றது என்று கேளுங்கள். பக்கத்து ஊர்ச் சந்தையில் வாங்கினால் லாரி மிச்சமாகும், அந்தக் கலப்பு மிச்சமாகாது.

தையில் மூன்றாவது மாடு வாங்கினார். லாரியில்தான் வந்தது, ஆறு மணி நேரம். ஆனால் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த மாடு. சந்தை விலையைவிட நாலாயிரம் கூட. "இந்த நாலாயிரம் எதுக்கு மாப்ள?" என்று கேட்டார். அது எங்கே நின்றது என்று தெரிந்துகொண்டதற்கான விலை என்றேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. வீட்டுக்கு வந்ததும் தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி, மூன்று வாரம். தினம் காலையில் காய்ச்சல் பார்க்கிறார். கண்ணை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள் என்று நான் பிடித்த பிடிவாதம்.

இன்று பதினெட்டாம் நாள். காலையில் வாட்ஸ்அப்பில் "101.4" என்று மட்டும் அனுப்பியிருந்தார். இதுவும் ஒரே ஒரு மாடுதான், எதையும் நிரூபிக்காது. அந்த எக்செல் தாளில் கிலோமீட்டர் என்றிருந்த பத்தியை அழிக்கவில்லை. அதற்கு முன்னால் "எங்கிருந்தது, யாரோடு" என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன்.